கோனாவில் கப்பல் நிற்கும் ஒரு பகலுக்குள் ஆமையும் புகலிடமும் காப்பித் தோட்டமும் காண்பது எப்படி

ஹவாயித் தீவுக்கூட்டத்தில் ‘பெரிய தீவு’ என்று வழங்கப்படும் ஹவாயித் தீவின் மேற்குக் கரையில் கைலுவா கோனா என்ற சிற்றூர் இருக்கிறது. ஹானலூலுவிலிருந்தும் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்தும் வரும் உல்லாசக் கப்பல்கள் இங்கே காலையில் நங்கூரமிட்டு மாலையில் கிளம்பிவிடும். கரைக்குப் போய்வரும் படகு நேரத்தைக் கழித்துவிட்டால், பயணிகளின் கையில் மிஞ்சுவது ஆறு அல்லது ஏழு மணி நேரம்தான். அந்தப் பொழுதுக்குள் கடலாமையைக் கண்டு, பழைய ஹவாயி மக்களுக்குப் புகலிடமாக இருந்த புனிதத் தலம் ஒன்றில் நிதானமாக நடந்து, காப்பிப் பழம் பறிப்பது முதல் கோப்பையில் ஊற்றுவது வரை ஒரு தோட்டத்தில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் அதற்கு ஏற்ற சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பதிலும், போகும் இடங்களை வரிசைப்படுத்துவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இந்த மூன்றும் ஒரே பகலில் கூடுவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. பழைய ஹவாயியில் நிலத்தை மலையுச்சியிலிருந்து கடல்வரை இறங்கும் நீண்ட கீற்றுகளாகப் பிரித்திருந்தார்கள்; ஒவ்வொரு கீற்றுக்கும் அஹுபுவாஆ என்று பெயர். மீனும் உப்பும் கடலோரத்தில், கிழங்கும் வாழையும் சரிவில், படகுக்கு மரம் உச்சிக் காட்டில் என ஒரு கீற்றில் வாழ்பவர்களுக்குத் தேவையான யாவும் அதற்குள்ளேயே கிடைக்கும்படி அந்தப் பிரிவு செய்யப்பட்டது. கோனாவில் ஹுவலாலாய், மவுனா லோவா என்ற இரண்டு எரிமலைகளின் சரிவு கடலோரத்திலிருந்தே ஏறத் தொடங்கிவிடுவதால், நெய்தலிலிருந்து குறிஞ்சிக்குப் போவதற்குக் கால்மணி நேர வண்டிப் பயணம் போதும். ஆகவே ஒரே சரிவுக்குள் மேலும் கீழுமாகப் போய்வருகிற சுற்றுலாவே இங்கே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

அதே காரணத்தால், கோனாவில் இறங்கிக் கிலவேயா எரிமலைக்குப் போய்வரும் சுற்றுலாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிமலைத் தேசியப் பூங்கா தீவின் மறுபக்கத்தில், சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு என்று பகலின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். பல கப்பல்கள் கிழக்குக் கரையிலுள்ள ஹீலோவிலும் நிற்கின்றன. எரிமலையை அங்கிருந்து பார்ப்பதுதான் முறை.

முன்பதிவு செய்யும்போது மனத்தில் கொள்ள வேண்டிய முதல் செய்தி, கைலுவா கோனாவில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை என்பது. விரிகுடாவில் நங்கூரமிட்டுவிட்டு, டெண்டர் என்ற சிறு படகுகளில் பயணிகளைக் கைலுவா படகுத்துறைக்கு அனுப்புவார்கள். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சேர்ந்தவர்களை முதலில் இறக்குவதே வழக்கம். தனியாகப் பதிவு செய்தவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க நேரும். எனவே தனியார் வழிகாட்டியை அமர்த்துகிறவர்கள், கப்பல் நங்கூரமிடும் நேரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மணி நேரம் தள்ளி வண்டி புறப்படும்படி பேசிக்கொள்ள வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு இறக்குவது பாதுகாப்பில்லை என்று கப்பல் தலைவர் முடிவு செய்து, கோனாவில் நிற்காமலேயே கப்பலைச் செலுத்திவிடுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவீர்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் செலுத்துங்கள். மாலையில் கப்பல் புறப்படும் நேரமும் கடைசி டெண்டர் கரையை விட்டுப் புறப்படும் நேரமும் வெவ்வேறு. உங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது நேரத்தை.

சுற்றுலா விளம்பரத்தில் நிறுத்தங்களின் எண்ணிக்கை கூடக்கூட அது நல்ல சுற்றுலா என்று தோன்றலாம். உண்மை நேர்மாறானது. எட்டு நிறுத்தம் என்று போட்டிருந்தால் அவற்றில் பாதி கடைகளாகவே இருக்கும். புகலிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், தோட்டத்தில் உண்மையாகவே மரங்களுக்கிடையே நடக்கவிடுவீர்களா அல்லது கடையில் சுவைபார்ப்பதோடு சரியா, வண்டியில் எத்தனை பேர் வருவார்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். புகலிடத்துக்கு ஒன்றேகால் மணி நேரமும் தோட்டத்துக்கு அதே அளவும் ஒதுக்குபவரை நம்பிச் சேரலாம். பன்னிரண்டு பதினைந்து பேர் கொள்ளும் வேன், ஐம்பது பேர் ஏறும் பேருந்தைவிட எல்லா வகையிலும் மேல். மலைச்சரிவின் சாலைகள் குறுகியவை, சிறு தோட்டங்கள் பலவற்றுக்குள் பேருந்து நுழையவே முடியாது.

படகுத்துறையில் இறங்கியவுடன் வண்டி தயாராக இல்லையென்றால், அந்தக் காத்திருப்பை வீணாக்க வேண்டாம். துறையை ஒட்டிய சிறு குடாவின் கரையில் ஓலைக் கூரையோடு தெரிவது அஹுஎனா என்ற வழிபாட்டிடம். தீவுகளை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா தம் கடைசி ஆண்டுகளை இங்கே கழித்து 1819இல் மறைந்தார். சாலையில் சில நிமிட நடையில், 1838இல் கட்டப்பட்ட ஹுலிஹெஎ மாளிகையும், அதற்கு எதிரே எரிமலைக் கல்லும் பவளச் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மொகுஐகாவுவா தேவாலயமும் இருக்கின்றன.

வரிசையைப் பொறுத்தவரை, காலையில் கடலோரம், நடுப்பகலுக்குப் பின் மலைச்சரிவு என்பதே கோனாவுக்குப் பொருந்தும். கடலோரத்துக் கரும்பாறை பத்து மணிக்கு மேல் அனலாய்த் தகிக்கத் தொடங்கிவிடும். மலைச்சரிவிலோ பிற்பகலில் மேகம் திரண்டு வெயிலை மறைத்துவிடும். அந்த மேகம்தான் காப்பிச் செடிக்கும் நிழல்.

ஊரிலிருந்து தெற்கே எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கஹலுஉ கடற்கரைப் பூங்காவில் முதல் நிறுத்தம் வைத்தால் நல்லது. ஹவாயி மக்கள் ஹோனு என்று அழைக்கும் பச்சைக் கடலாமைகள் அங்கே பாறைமேல் படர்ந்த கடற்பாசியை மேய வரும். அலை பின்வாங்கும்போது முதலில் உங்கள் கண்ணுக்குப் படுவது ஈரப்பாறை மட்டுமே. சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், அந்தப் பாறைகளில் ஒன்று கழுத்தை நீட்டிப் பாசியை ஒரு பக்கமாகக் கடித்து இழுப்பதும், அடுத்த அலை வந்து தூக்கிப் புரட்டினாலும் முன்துடுப்பை ஊன்றிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்புவதும் தெரியும். ஹவாயியின் பச்சை ஆமைகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: முட்டையிடும் காலம் அல்லாதபோதும் கரையேறி மணலில் படுத்து வெயில் காயும். உலகின் பிற பகுதிகளில் கடலாமைகள் இவ்வாறு செய்வது அரிது. அசைவின்றிக் கிடக்கும் ஆமையைச் செத்துவிட்டது என்றோ, கரையில் ஒதுங்கிச் சிக்கிக்கொண்டது என்றோ நினைத்துக் கடலுக்குள் தள்ளிவிட முயல்வது பெருந்தவறு, அது ஓய்வெடுக்கிறது.

ஆமையிடமிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடல்வள அமைப்பின் அறிவுரை. இந்த ஆமைகள் 1978 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அதற்கு முன் இறைச்சிக்காகப் பிடித்துப் பிடித்து மிகவும் குறைந்துபோயிருந்தன. இன்று கரைதோறும் அவற்றைக் காண முடிகிறதென்றால் அந்தத் தடைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. தொடுவதும் வழிமறிப்பதும் குற்றம். ஆமைக்கும் கடலுக்கும் நடுவில் நின்று படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். நீரில் இறங்க விரும்பினால், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த வெயில் களிம்பை விட்டுவிட்டுத் துத்தநாக ஆக்ஸைடு கொண்டதைப் பூசுங்கள். பவளத்துக்குத் தீங்கு என்று முதல் இரண்டையும் விற்பதை ஹவாயி மாநிலம் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. முழுக்கைச் சட்டை அணிந்தால் களிம்பே அதிகம் தேவைப்படாது.

டால்பின்களோடு நீந்தலாம் என்று கூறும் படகுச் சுற்றுலாக்களைப் பற்றி ஒரு சொல். கோனாக் கரையின் சுழல் டால்பின்கள் இரவு முழுவதும் ஆழ்கடலில் இரைதேடிவிட்டு, பகலில் அமைதியான குடாக்களுக்குள் வந்து உறங்குகின்றன. அந்த உறக்கத்தைக் கலைப்பதைத் தடுக்க, அவற்றை 50 கஜத்துக்குள் நெருங்கக்கூடாது என்று 2021இல் விதி வந்தது. நெருங்கிக் காட்டுகிறேன் என்பவரின் சுற்றுலாவில் சேராதீர்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய காட்சி, அலாஸ்காப் பக்கத்திலிருந்து குட்டி ஈனுவதற்கு வந்திருக்கும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள், டெண்டரில் இருந்தபடியே கிடைக்கக்கூடும். கடலைப் பார்த்த பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நிலத்தில் காணும் உயிர்களில் எது தீவுக்கு உரியது, எது வந்தேறியது என்று வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். நம் ஊர் மைனா கோனா முழுவதும் கத்திக்கொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பயிர்ப் பூச்சிகளைத் தின்பதற்காகக் கொண்டுவந்தது. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1883இல் ஜமைக்கா வழியாக வந்த இந்தியக் கீரி, எலிகளை ஒழிக்காமல் தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்று பெருகியது. சரிவுக்கு மேலே வட்டமிடும் இஓ என்ற பருந்து தீவுக்கே உரியது. ஆகஸ்டு முதல் ஏப்ரல் வரை புல்தரையில் தனியாக ஓடி ஓடி நின்று இரை பொறுக்கும் சிறு பறவை கோலேயா. அலாஸ்காவிலிருந்து பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து வந்து குளிர்காலத்தை இங்கே கழிக்கிறது.

அடுத்தது இந்தப் பகலின் நெஞ்சம் என்று நான் கருதும் இடம்: படகுத்துறைக்குத் தெற்கே 35 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் இருக்கும் புஉஹொனுவா ஓ ஹொனவுனவு என்ற புகலிடம். பழைய ஹவாயியில் கபு என்ற விலக்குகள் வாழ்வை முழுமையாக ஆண்டன. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பெண்கள் பன்றியிறைச்சியும் வாழைப்பழமும் தேங்காயும் உண்ணக்கூடாது. குடிமக்கள் தலைவன் நடக்கும் நிலத்தில் நடக்கக்கூடாது. மீறியவருக்குத் தண்டனை மரணம். ஆனால் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி, பெரும்பாலும் கடலில் நீந்தியே, இந்த எல்லைக்குள் வந்து சேர்ந்துவிட்டால் எவரும் அவரைத் தொட முடியாது. இங்கிருக்கும் கஹுனா என்ற பூசகர் சடங்கு செய்து குற்றத்தை நீக்கியபின் அவர் வீடு திரும்பலாம். போர்க்காலத்தில் முதியோரும் பெண்களும் குழந்தைகளும் தோற்ற வீரர்களும் இங்கே தங்கி உயிர்பிழைத்தார்கள். அவ்வளவு கடுமையான ஒரு சட்டம் தனக்குள்ளேயே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது என்பதை அந்த இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1819இல் கமேஹமேஹாவின் மகன் லிஹோலிஹோ பெண்களோடு அமர்ந்து உண்டு அந்த விலக்குகளையே முடிவுக்குக் கொண்டுவந்தார்.

உள்ளே நுழைந்ததும் கையேட்டை வாங்கிக்கொண்டு, அரச மனையிடத்தையும் புகலிடத்தையும் பிரிக்கும் பெருமதிலருகே முதலில் செல்லுங்கள். ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் உயரமும் 5.5 மீட்டர் அகலமும் கொண்ட அந்த மதிலில் சாந்து இல்லை. எரிமலைக் கற்களை ஒன்றுக்கொன்று பொருத்தியே எழுப்பியிருக்கிறார்கள்; அருகில் நின்று பார்த்தால் பெரிய கல்லின் இடுக்கில் சிறு கல் ஆப்பாக இறுகி நிற்பது தெரியும். மதிலின் கடலோர முனையில் மர உருவங்கள் காவல் நிற்கும் ஹலே ஓ கேயாவே ஆலயம் இருக்கிறது. இன்று நிற்பது பிற்காலத்தில் மீண்டும் கட்டியது. பழைய ஆலயத்தில் 23 தலைவர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய ‘மனா’ என்ற ஆற்றல்தான் இந்த நிலத்துக்குப் புனிதத்தைத் தந்தது என்பது மக்கள் நம்பிக்கை. ஹவாயி மக்கள் இன்றும் இங்கே காணிக்கை வைக்கிறார்கள். கோயிலில் நாம் காக்கும் ஒழுங்கை இங்கேயும் காத்தால் போதும்: உருவங்களைத் தொடாமல், மதில்மேல் ஏறாமல், கல்லை அடுக்கி விளையாடாமல், ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துப் போகாமல் வர வேண்டும். ஆலயத்தை ஒட்டிய கேயோனெஎலே என்ற சிறு குடா, தலைவர்களின் படகுகள் மட்டுமே ஒதுங்கிய இடம். அங்கே நீந்துவதற்கு அனுமதி இல்லை. ஆமைகள் மட்டும் வந்துபோகும். தரை கரடுமுரடான கரும்பாறை என்பதால் ரப்பர் செருப்பு உதவாது, காலைப் பிடித்துக்கொள்ளும் காலணி வேண்டும். நிழல் குறைவு, தண்ணீர்ப் புட்டியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மலையேறும் வழியில் புனித பெனடிக்ட் தேவாலயம் வரும். பெல்ஜியப் பாதிரியார் ஜான் வெல்கே, மக்களுக்கு விவிலியக் கதைகளை விளக்க அதன் சுவர்களிலும் கூரையிலும் ஓவியம் தீட்டினார். பத்து நிமிடம் போதும்.

இனி காப்பி. 1828இல் சாமுவேல் ரகிள்ஸ் என்ற பாதிரியார் ஓவாகுத் தீவிலிருந்து நாற்றுகளைக் கோனாவுக்குக் கொண்டுவந்தார். 1899இல் உலகச் சந்தையில் விலை சரிந்ததும், பெருந்தோட்ட முதலாளிகள் நிலத்தைச் சில ஏக்கர் துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டார்கள். கரும்புத் தோட்டங்களின் ஒப்பந்தம் முடிந்து வந்த ஜப்பானியக் குடும்பங்களே அவற்றைப் பெரும்பாலும் எடுத்து நடத்தின. இன்றும் கோனாவில் பெரும்பான்மையானவை குடும்பத் தோட்டங்கள்தாம். ஆகவே உங்கள் சுற்றுலாவில் கோனா வரலாற்றுக் கழகம் நடத்தும் வாழும் வரலாற்றுக் காப்பித் தோட்டம் இடம்பெற்றிருந்தால், மறுபேச்சின்றி அதையே தேர்ந்தெடுங்கள். உச்சிதா என்ற ஜப்பானியக் குடும்பத்தின் வீடும் மில்லும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இருந்தபடியே அங்கே காக்கப்பட்டுள்ளன. எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால் உங்கள் கப்பல் வரும் கிழமையை முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தத் தோட்டமானாலும் பார்க்க வேண்டியவை ஒன்றே. ஆகஸ்டு முதல் ஜனவரி வரை பறிப்புக் காலம். ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் இருப்பதால் ஒரு மரத்துக்கே பல சுற்றுகள் வந்து பழுத்ததை மட்டும் கையால் பறிக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் சரிவெங்கும் வெள்ளைப் பூவைக் காணலாம். தோட்டத்தார் அனுமதித்தால் ஒரு சிவந்த பழத்தை விரலுக்கிடையே அழுத்திப் பாருங்கள்: தோல் கிழிந்து, வழுவழுப்பான இனிப்புச் சாறு பூசிய இரண்டு கொட்டைகள் நழுவி வெளியே வரும். அந்த வழுவழுப்பை நீக்குவதற்குத்தான் இரவு முழுவதும் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். பிறகு ஹொஷிதானா என்ற உலர்த்தும் மேடை. அதன் தகரக் கூரை தண்டவாளத்தில் ஓடும். வெயிலடிக்கும்போது தள்ளித் திறந்து கொட்டைகளைக் கிளறிவிடுவார்கள், பிற்பகல் மழைமேகம் கண்டதும் ஓடிப்போய் மூடுவார்கள். கோனாவின் வானிலையை இதைவிடத் தெளிவாக எதுவும் விளக்காது. ஏறத்தாழ ஏழு கிலோ பழத்திலிருந்துதான் ஒரு கிலோ வறுத்த காப்பி கிடைக்கும். எல்லாம் கைவேலை, கூலியும் அமெரிக்கக் கூலி என்பதை நினைத்தால் விலை ஏன் அவ்வளவு என்பது புரியும்.

ஏர்க்காடு, கொடைக்கானல், குடகு, வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அண்மையில் போய்வந்த காலணியோடு கோனாத் தோட்டத்தில் கால்வைக்க வேண்டாம். காப்பிக் கொட்டைத் துளைப்பான் என்ற வண்டு 2010இலும் இலைத்துரு நோய் 2020இலும் ஹவாயியில் கண்டறியப்பட்டன. சிறு விவசாயிகள் அவற்றோடு போராடி வருகிறார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய அதே இலைத்துருதான் அந்நாட்டின் காப்பித் தொழிலையே அழித்து, மலையகத்தைத் தேயிலைக்கு மாற்றியது. தமிழகத் தொழிலாளர் தலைமுறைகளின் வாழ்வை மாற்றிய நோய் அது. காலணியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துச் செல்வது நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி.

சுவைபார்க்கும்போது நம் நாக்குக்கு ஒரு தடை உண்டு. சிக்கரி கலந்த கெட்டி டிகாக்ஷனில் பாலூற்றிப் பழகியவர்களுக்குக் கோனாக் காப்பி முதல் வாயில் நீர்த்ததாகத் தோன்றும். பாலும் சர்க்கரையும் கேட்பதற்கு முன், நடுத்தர வறுவல் ஒன்றைக் கறுப்பாகவே எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். சூடு தணியத் தணிய மெல்லிய புளிப்பும் இனிப்பும் தனித்தனியே தெரியும்.

வாங்கும்போது பையின் முகப்பைப் படியுங்கள். ‘கோனா கலவை’ என்று போட்டிருந்தால் அதில் 10 விழுக்காடு மட்டுமே கோனாக் காப்பி இருந்தாலும் மாநிலச் சட்டம் இதுவரை அனுமதித்திருக்கிறது. 2024இல் நிறைவேறிய சட்டம் 2027 ஜூலை முதல் அதை 51 விழுக்காடாக உயர்த்துகிறது. உங்களுக்கு வேண்டியது ‘100 விழுக்காடு கோனா’ என்ற பை. வறுத்த நாளும் தோட்டத்தின் பெயரும் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்ட்ரா ஃபேன்ஸி, ஃபேன்ஸி, நம்பர் ஒன் போன்ற தரப் பெயர்கள் கொட்டையின் அளவையும் குறைபாடுகளின் எண்ணிக்கையையும் குறிப்பவை. வீட்டுக்கு வாங்குவோர்க்கு நம்பர் ஒன் தாராளமாகப் போதும். வறுத்த காப்பியை ஹவாயியிலிருந்து அமெரிக்க நிலப்பகுதிக்கு எடுத்துச் செல்லத் தடையில்லை, ஆனால் பறித்த பழத்தை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளக்கூடாது. அரைக்காத கொட்டையாகவே வாங்கி, ஊர் வந்தபின் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். பித்தளை ஃபில்டரில் போடுவதாக இருந்தால் வழக்கமான தூளைவிட ஒரு படி கொரகொரப்பாக அரைத்து, சிக்கரி சேர்க்காமல், கொதித்து அரை நிமிடம் ஆறிய நீரை ஊற்றி இறக்குங்கள்.